பசியாவரத்தில் நீமோவும் டோரியும்

ஐஸ்பெட்டியின் மேல் லேப்டாப். திரையில் வெயில் விழாதபடி மேலே ஒரு லுங்கி. பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் அது. அதன் சொந்தக்காரி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பூவரச மரத்தடியில் அவளைச் சுற்றி ஏழெட்டுப் பிள்ளைகள். படம் இங்கிலீஷில் பேச, அவள் தமிழில் கதை சொல்கிறாள். ஏற்கெனவே பார்த்தவள் என்பதால் அவள் குரல் படத்துக்கு அரை நிமிஷம் முன்னால் ஓடுகிறது. அழ வேண்டிய இடத்துக்குப் பிள்ளைகள் முன்கூட்டியே வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

பசியாவரத்து ஏரிக்கரையில் நான் படகுக்காக உட்கார்ந்திருக்கிறேன். என்னை யாரும் பொருட்படுத்தவில்லை. சற்றுத் தள்ளி ஒரு தாத்தா. நண்டு வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்து, அறுந்த கண்களை ஒவ்வொன்றாக ஊசியால் முடிந்துகொண்டு வருகிறார். அவருக்குப் பக்கத்தில் ஆயா இறால் உரிக்கிறார். இருவருக்கும் படத்தில் அக்கறை இல்லை.

2003இல் வந்த ‘ஃபைண்டிங் நீமோ’. பல்லைக் காட்டிக்கொண்டு ஒரு பெரிய மீன் திரையில் வருகிறது. அக்கா வாய் திறப்பதற்குள் ஒரு பையன் கத்துகிறான்.

“ஷீலாடா!”

தாய் மீன் போய்விட்டது. நூற்றுக்கணக்கான முட்டைகளும் போய்விட்டன. ஒரே ஒரு முட்டை மிச்சம். அதுதான் நீமோ. குழந்தைகளுக்கான படம் இப்படியா தொடங்குவது என்று நகரத்துப் பெற்றோர் பதறுகிற இடம் இது. இங்கே ஒரு பிள்ளையும் கண்ணை மூடவில்லை. எந்த மீன் எதைத் தின்னும் என்பது இவர்களுக்குச் சோறு தின்னும்போதே தெரிந்த சங்கதி. திருக்கை வாத்தியார் குட்டி மீன்களை முதுகில் ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடிப் போகிறார். மூக்கு ஒழுகும் சின்னப் பெண் ஒருத்தி எச்சரிக்கிறாள்: “வால்கிட்ட போவாதீங்கடா, முள்ளு குத்திரும்.” கூழைக்கடா வந்ததும் எல்லாருக்கும் சிரிப்பு. தினமும் ஏரியில் பார்க்கிற பறவை இங்கிலீஷ் பேசுகிறதே!

படத்தின் கடைசியில் வலை வருகிறது.

தொலைந்த நீமோவைத் தேட அவன் அப்பனோடு வந்த டோரியும் ஒரு கூட்டம் மீனோடு உள்ளே மாட்டிக்கொள்கிறாள். எல்லாரும் சேர்ந்து கீழ் நோக்கி நீந்தினால் வலை அறும் என்று நீமோவுக்குத் தெரியும். அதைச் சொல்ல அவன் வலைக்குள் போக வேண்டும். படம் முழுக்க “அங்கே போகாதே, இங்கே போகாதே” என்று தடுத்த அப்பன் மார்லின், ஒரு கணம் திகைத்து நின்று, போ என்று விடுகிறான். இந்த ஒரு முடிவுக்காகத்தான் அவன் அத்தனை கடலைத் தாண்டி வந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும்.

“கீய போ! கீய போ!” பிள்ளைகள் எழுந்து நின்று கத்துகிறார்கள். வலை போட்டுப் பிழைக்கிற வீட்டுப் பிள்ளைகள் மீன் பக்கம் நின்று கத்துகிறார்கள். அதில் ஒருவனுக்குத் திடீரென்று உறைத்திருக்க வேண்டும். குரலை விழுங்கிக்கொண்டு தாத்தாவைத் திரும்பிப் பார்க்கிறான்.

தாத்தாவின் ஊசி நின்றிருக்கிறது.

“அது இழுவலைடா. நம்ம வலை இல்ல. மடி நெறஞ்சா கப்பி தாங்காது, உடையட்டும்.”

பையன் நிம்மதியாகத் திரும்பிக் கத்தத் தொடங்குகிறான். தாத்தாவின் கட்சியும் மீன் கட்சிதான். இந்த ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதற்குப் பாடு என்று பரம்பரையாக ஒரு முறை உண்டு. இன்று உனக்கு, நாளை எனக்கு. இழுவலைக்கு அந்த முறையெல்லாம் கிடையாது. அடித்தரையைத் துடைத்துக்கொண்டு போய், குஞ்சையும் சினையையும் சேர்த்து மடியில் அள்ளும். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் இந்தப் பக்கத்துக் கடலில் இறங்கக் கூடாது என்று தடை இருப்பது, மீன் இனம் பெருகுகிற காலத்திலாவது அந்த மடி விலகி இருக்கட்டும் என்றுதான்.

இரண்டாவது படம் உடனே வேண்டுமாம். ‘ஃபைண்டிங் டோரி’ 13 வருஷம் கழித்து, 2016இல் வந்தது. முதல் படத்தை லீ அன்க்ரிச்சோடு சேர்ந்து இயக்கிய ஆண்ட்ரூ ஸ்டான்டன்தான் இதற்கும் இயக்குநர். கதைக்குள் ஒரே ஒரு வருஷம்தான் கழிந்திருக்கிறது. மறதிக்காரி டோரிக்குத் தன் அம்மா அப்பா ஞாபகம் துண்டு துண்டாக வருகிறது. அவர்களைத் தேடிக் கிளம்புகிறாள்.

முதல் படத்தில் பவளப்பாறையிலிருந்து சிட்னி போய்ச் சேர முக்கால் படம் ஆனது. சுறா, ஜெல்லிமீன், ஆமைகள், திமிங்கில வாய் என்று ஒவ்வொன்றும் பட்டுத் தேறிய வழி. இதிலோ ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு ஆமை முதுகில் சில நிமிஷத்தில் வந்துவிடுகிறார்கள். பசிபிக் கடலே முடிந்துவிட்டது! அதன் பிறகு எல்லாம் மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு நிலையம். தொட்டி, வாளி, குழாய், காபி கெட்டில்.

“கடல் எங்கக்கா?” என்கிறாள் மூக்கொழுகி.

இரண்டு படத்தையும் பற்றி நான் வாசித்த விமர்சனம் எதிலும் இவ்வளவு சரியான கேள்வி இல்லை.

டோரி குழாய்க்குள் வழி தேடும்போது இன்னொருவனுக்குக் கவலை. “பைப்பு அடைச்சிருந்தா?” முகத்துவாரம் மணல் மூடிக் கிடப்பதைப் பார்த்தவன் கேட்கிற கேள்வி அது. இறால் கடலில் முட்டையிடும். குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளரும். வாய் அடைந்துபோனால் இந்தக் கரையில் அடுப்பு எரியாது.

ஏழு கைப் பேய்க்கணவாய் லாரி ஓட்டும்போது பிள்ளைகளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அதெல்லாம் எந்த ஓட்டையிலயும் பூந்து போயிரும்,” என்று தாத்தா மட்டும் ஆச்சரியமில்லாமல் சொல்கிறார். சிரிக்கவைப்பதில் இரண்டாவது படம் குறைவைக்கவில்லை. உலகம் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம். ஆனால் முதல் படம் வென்ற ஆஸ்கருக்கு இது பரிந்துரைப் பட்டியலில்கூட வரவில்லை. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. நெருக்கடி வரும்போதெல்லாம் டோரிக்குத் தேவையான ஞாபகம் சரியாக வந்து நிற்கிறது. மார்லினுக்கு எதுவும் அப்படிச் சும்மா கிடைக்கவில்லை.

அப்புறம் சிப்பிகள் வந்தன.

டோரி தனியாக, இருட்டான அடித்தரையில். அங்கே வரிசையாகச் சிப்பி. அதைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு வீடு. அந்த வீட்டிலிருந்து எல்லாத் திசைக்கும் சிப்பி வரிசைகள். வாயில் இன்னும் சிப்பிகளோடு இரண்டு வயதான மீன்கள் வருகின்றன. அக்கா இங்கே முன்கூட்டி எதுவும் சொல்லவில்லை.

ஆயா தலை நிமிர்ந்து பார்க்கிறார்.

“இன்னாடி பண்ணுதுங்க?”

“அவ அம்மா அப்பா, ஆயா. பொண்ணு என்னிக்காவது வருவான்னு தெனமும் சிப்பி வெச்சிகினே இருந்தாங்க.”

“தேடினு போவலியா?”

“போய்ட்டா, அவ வர்றப்ப யாரும் இருக்க மாட்டாங்களே.”

“ஆமா. ஒருத்தராவது ஊட்ல இருக்கணும்,” என்று சொல்லிவிட்டு ஆயா மறுபடி இறாலை எடுக்கிறார்.

முதல் படத்தில் இது இல்லை. அதில் பெற்றவன் தேடிப் போகிறான். போகிறவனைப் பற்றிக் கதை சொல்வது சுலபம். வழியெல்லாம் கதை கிடைக்கும். ஒரே இடத்தில் இருந்து, சிப்பி வைத்துவிட்டுத் திரும்பி வந்து, மறுநாளும் வைப்பவர்களுக்கு இரண்டாவது படம் இரண்டே நிமிஷம் கொடுத்தது. அந்த இரண்டு நிமிஷத்துக்காக மற்ற குழாய், வாளி, லாரி எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொள்வேன்.

படம் முடிந்து சண்டை தொடங்குகிறது. பையன்களுக்கு முதல் படம். அக்காவுக்கு இரண்டாவது. மூக்கொழுகிக்கு மூன்றாவது வேண்டும். அதில் நீமோ தொலைந்து இங்கே, இந்த ஏரிக்கு வர வேண்டும்.

“இங்க எப்டி வருவான்? முகத்துவாரம் தொறந்தாத்தான்.”

“மழையில தொறக்கும்.”

“மழையில ஆரணி ஆத்துத் தண்ணி வந்து ஏரி உப்பு கொறஞ்சிரும். அவன் கடல் மீனு. செத்துருவான்.”

“அப்போ தை மாசம் வரட்டும்,” என்கிறாள் அவள். “அப்போ உப்பு ஏறியிருக்கும்.”

தாத்தா ஊசியை வாயில் கவ்வியபடி, சரிதான் என்று தலையசைக்கிறார்.