கந்தசஷ்டி நாட்களும் இரைப்பை மருந்துகளும்

முதலாம் நாள்
வயிறு வெறுமையாக இருந்தாலும் இரைப்பை அமிலம் சுரப்பதை நிறுத்துவதில்லை. உணவு உள்ளே இருந்தால் அமிலத்தின் கடுமை அதில் தணியும். இல்லாவிட்டால் ஏற்கெனவே புண் உள்ளவருக்கு எரிவு கூடும். ஐப்பசியில் யாழ்ப்பாணத்தில் கந்தசஷ்டி விரதம் பிடிக்காத ஊர் இல்லை. பாலும் பழமுமாக ஒருபொழுதோடு ஆறு நாளும் இருப்பவர்களில் நெஞ்செரிவுக்குக் குளிசை போடுபவர்களும் உண்டு. எந்தக் குளிசையை எப்போது போடுவது என்பது அவர்களுக்கு மிக முக்கியம்.

இரண்டாம் நாள்
அலுமினியம், மக்னீசியம் ஐதரொட்சைட்டுகள் கலந்த வெள்ளைப் பாணி மருந்து, சுரந்துவிட்ட அமிலத்தைச் சில நிமிடங்களில் நடுநிலையாக்கும். மக்னீசியம் வயிற்றை இளக்கும், அலுமினியம் இறுக்கும். அதனால்தான் இரண்டும் சேர்க்கப்படுகின்றன. வெறுவயிற்றில் இதன் பலன் ஒரு மணித்தியாலம் நிற்பதே அரிது. இரும்புச்சத்து, தைரொயிட் குளிசைகளை இதனுடன் சேர்த்து விழுங்கக்கூடாது.

மூன்றாம் நாள்
அமிலச் சுரப்பைத் தூண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் சிமெற்றிடின் 1976இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. சத்திரசிகிச்சைக்குப் போகவேண்டியிருந்த பலர் குளிசையோடு தப்பினர். அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதே வகையில் பின்னர் வந்த ரனிற்றிடினில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய மாசு காணப்பட்டதால், 2020இல் அமெரிக்கா அதைச் சந்தையிலிருந்து அகற்றச் சொன்னது. அவ்வகையைச் சேர்ந்த பமொற்றிடின் இன்றும் பயனில் உள்ளது.

நான்காம் நாள்
ஒமெப்பிரசோல், பன்ரப்பிரசோல் ஆகியவை அமிலத்தை வெளியேற்றும் கலப் பம்பிகளையே பூட்டுகின்றன. உணவு வரும்போது விழித்து இயங்கும் பம்பிகளில்தான் இவை நன்றாகப் பற்றும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடவேண்டும். ஒருபொழுது இருப்பவர் காலையில் குளிசை போட்டு மாலையில் சாப்பிட்டால் மருந்தின் பெரும்பகுதி வீண். அந்த ஒருவேளைக்கு முன்னர் போடுவதே பொருத்தம். கூட்டைத் திறந்து உள்ளிருக்கும் மணிகளை இடிக்கக்கூடாது. மேற்பூச்சு உடைந்தால் அமிலமே மருந்தை அழித்துவிடும். மாதக்கணக்கில் தொடர்பவர்களுக்கு உடலில் பி12, மக்னீசியம் குறையலாம். பாமசியில் மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் செலவு குறையும். பேராசிரியர் சேனக பிபிலே 1970களில் இலங்கையில் வேரூன்றச் செய்த இந்த வழக்கத்தைக் கைவிடலாகாது.

ஐந்தாம் நாள்
அமிலத்தை அடக்குவதால் மட்டும் புண்ணின் காரணம் போய்விடாது. ஹெலிக்கோபக்ரர் பைலோரி என்ற கிருமியை இரைப்பை நோயுடன் தொடர்புபடுத்திய பரி மார்ஷலும் றொபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். கிருமி இருந்தால் ஒமெப்பிரசோலோடு இரண்டு நுண்ணுயிர்க்கொல்லிகளை, பொதுவாக 14 நாட்களுக்கு, இடைவிடாமல் எடுக்கவேண்டும். மற்றக் காரணம் நோக்குளிசை. தோட்டவேலையால் வந்த முழங்கால் நோவுக்கு டைக்குளோபெனக்கைத் தாமாகவே வாங்கிப் போடுபவர்களின் இரைப்பைச் சுவர் தன் காப்பை இழக்கிறது. அதை நிறுத்தாமல் எரிவுக்கு மட்டும் மருந்து தேடுவது ஆபத்து.

ஆறாம் நாள்
மலம் தார்போலக் கறுத்துப் போவது, கோப்பித்தூள் நிறத்தில் சத்தி, விழுங்கக் கஷ்டம், காரணமின்றி மெலிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விரதம் முடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. கறுத்த மலமோ அத்தகைய சத்தியோ வந்தால் உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். குழாய்க் கமராவால் இரைப்பையைப் பார்க்கும்போதே ஒழுகும் இரத்தத்தை நிறுத்தவும், புற்றுநோய்ச் சோதனைக்குத் துணுக்கு எடுக்கவும் முடியும்.