மனித உரிமைகள் என்றொரு ஹார்ன்பைப்

ஐரிஷ் ஃபிடில் இசையில் எனக்கு மிகவும் பிடித்த ஹார்ன்பைப் (ஒரு வகை நடன மெட்டு), ‘தி ரைட்ஸ் ஆஃப் மேன்’. மனித உரிமைகள்! ஆடுவதற்கான மெட்டுக்கு எவ்வளவு கம்பீரமான பெயர்!

1791-இல் தாமஸ் பெயின் எழுதிய புத்தகத்தின் பெயர் இது. பிரெஞ்சுப் புரட்சியைச் சாடிய எட்மண்ட் பர்க்குக்கு அவர் கொடுத்த பதிலடி. பரம்பரை ஆட்சிக்கு நியாயமே இல்லை என்ற பெயினின் வாதம் பிரிட்டிஷ் அரசை உலுக்கியது. அவர் மீது வழக்குப் பாய்ந்தது. அயர்லாந்திலோ அந்தப் புத்தகத்தின் மலிவுப் பதிப்புகள் கைமாறின. அதே 1791-இல் பெல்ஃபாஸ்டில் ‘யுனைடெட் ஐரிஷ்மென்’ சங்கம் பிறந்தது. அதன் முயற்சியில் 1798-இல் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சியே வெடித்தது.

இனி அந்த ஹார்ன்பைப் மெட்டைக் கேட்டுப் பாருங்கள். ரீல் என்னும் வேகமான நடன மெட்டைப் போல் விரையாது. நாலு தட்டுத் தாளத்தில், நெடிலும் குறிலுமாக ஸ்வரங்கள் அசைந்து வரும். பெரும்பாலான ஹார்ன்பைப்புகள் மேஜர் ஸ்கேலில் துள்ளும். இதை வாசிப்பது ஈ மைனரில். அதனால் உற்சாகத்துக்குள்ளே ஒரு கனம் இருக்கும். கடைசியில் ஹார்ன்பைப்புக்கே உரிய அழுத்தமான மூன்று தட்டுகள்.

அன்றைய அரசை அஞ்சவைத்த அந்தப் பெயரை ஐரிஷ் கலைஞர்கள் இன்றும் உரக்கச் சொல்லி வாசிக்கிறார்கள். ஃபிடில் கற்பவர்களே, உங்கள் முதல் ஹார்ன்பைப் இதுவாகவே இருக்கட்டும்.