கை தயங்கிய இடம்

"உளவியல் கற்பித்த நீர், படிவங்களுக்குக் கட்டம் வரையவா போனீர்?" என்று என் ஆசிரியர் ஒருமுறை வினவினார். வினாவிற் கடுமை இருந்தது. அதனினும் மிகுதியாக ஏமாற்றம் இருந்தது. அன்று விடை கூற எனக்கு இயலவில்லை. இக்கட்டுரையை அவ்விடையெனக் கொள்ளலாம்.

நினைவு பற்றிய ஆய்வே என் துறை. எபிங்கௌஸ் என்னும் ஜெர்மானியர் பொருளற்ற அசைகளை மனனம் செய்து, மறதியின் வேகத்தை அளந்து, 1885இல் நூலாக வெளியிட்டார். அவர் வழிநின்று நானும் மாணவரைச் சிற்றறையில் இருத்தி, அசைகளைக் காட்டி, அவர்கள் மறந்தவற்றை எண்ணினேன். பிழைக்கான காரணத்தை மனத்துக்கு வெளியே தேடும் எண்ணம் அக்காலத்தில் எழுந்ததில்லை.

அவ்வெண்ணம் வடமராட்சியில் எழுந்தது. விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். கணவனை இழந்த என் பெரியம்மா உதவிப்பணம் கோரி அனுப்பிய விண்ணப்பம் ஓர் அலுவலகத்திலிருந்து மூன்றாம் முறையாகத் திரும்பியிருந்தது. படிவத்திற் "குடும்பப் பெயர்" என்றொரு கட்டம். யாழ்ப்பாணத் தமிழரிற் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் என ஒன்றில்லை. தந்தையின் பெயர் முன்னே நிற்கும். மணமான பெண்ணுக்குக் கணவனின் பெயர் வந்து சேரும். பெரியம்மா ஓரிடத்தில் தந்தையின் பெயரையும் பிறிதோரிடத்திற் கணவனின் பெயரையும் எழுதியிருந்தார். இரண்டும் பொருந்தவில்லை என்பதே குற்றம்.

"என்ரை மூளை மங்கிப்போச்சு, மோனை" என்றார் அவர். அதே திண்ணையிலிருந்து நான்கு தலைமுறை உறவினரின் பெயர்களைப் பிசகின்றிச் சொல்லவல்லவர். நினைவை அளப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அச்சொல் சுட்டது. நம்மூர்ப் பெயரிடும் வழக்கத்தை அறியாத கட்டமொன்றின் பழியை ஒரு முதியவள் தன் தலையில் ஏற்றுக்கொண்டாள். நான் ஓரத்தில் ஒரு விளக்கக் குறிப்பு எழுதிக்கொடுக்க, நான்காம் முறை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. படிவமோ மாறவில்லை. அயல்வீட்டுப் பெண் அதே கட்டத்தில் வந்து நின்றாள்.

ஓராண்டின் பின் விரிவுரைப் பதவியைத் துறந்தேன். சென்ற வழி நேரானதன்று. சிலகாலம் மொழிபெயர்ப்பு, சிலகாலம் வினாக்கொத்துத் தயாரிப்பு என அலைந்து, ஈற்றிற் கொழும்பில் மென்பொருள் ஆக்கும் நிறுவனமொன்றிற் குறைந்த ஊதியத்துக்கு அமர்ந்தேன். ஆக்கப்பட்ட பொருள் மக்கள் கைக்கு இசைகிறதா எனப் பார்ப்பதே என் பணி. ஒருவரிடம் திரையைக் கொடுத்து, உதவி செய்யாது அருகிருந்து, அவர் கை எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்வேன். வாய் திறவாதிருத்தலே இதிற் கடினமான பகுதி.

இத்தொழிலுக்குப் பெயர் வருமுன்பே இதன் வேலையைச் செய்தார் நம்மவர் ஒருவர். சுண்டிக்குளியில் 1886இற் பிறந்து, சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா, 247 தமிழெழுத்துக்களையும் ஒரு தட்டச்சுப்பொறியின் சில விசைகளுள் அடக்க வழி கண்டார். அழுத்தினாலும் தாளை நகர்த்தாத விசைகள் அவர் கையாண்ட உத்தி. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தைப் பின்னர் அடிக்கலாம். எழுதும் கையின் வரிசை அங்கே பொறிக்காகத் தலைகீழாயிற்று. 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகை அவ்வரிசையை மீண்டும் மனத்தின் பக்கம் திருப்பிற்று. மெய்யின் பின்னரே உயிரை அழுத்துகிறோம்.

உளவியலாளரும் இவ்வழியில் முன்னரே நடந்துள்ளனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க விமானிகள் தரையிறங்கியபின் இறக்கைமடல்களை மடக்குவதற்குப் பதிலாகச் சக்கரங்களை மடக்கி விபத்துக்குள்ளாயினர். அல்போன்ஸ் சப்பானிஸ் என்னும் உளவியலாளர் விமானிகளின் மனத்தையன்றி விமானியறையை ஆராய்ந்தார். இரு விசைகளும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. ஒன்றுக்குச் சக்கர வடிவும் மற்றதற்கு ஆப்பு வடிவும் தந்தாற் கையே வேறுபாட்டை உணரும் என்றார்.

இழப்பும் எனக்குண்டு. ஒரு வினாவை ஆண்டுக்கணக்கிற் பின்தொடரும் அமைதி போயிற்று. இப்போது வெள்ளிக்கிழமைக்குள் விடை வேண்டும். நூலகத்தைக் கடக்கையில் நெஞ்சு சற்றே கனப்பதை மறைப்பதற்கில்லை. எனினும், ஐயா, தாங்கள் கற்பித்த உளவியலை நான் கைவிடவில்லை. மறதியை எண்ணிய அதே கண்ணால், மறக்கச் செய்வது எது என்று பார்க்கிறேன். ஆம், கட்டம் வரையவே போனேன். தன் பெயரை எழுத வந்தவள் தன் மூளையை நொந்துகொண்டு திரும்பாத கட்டம் ஒன்றை.