அண்ணனும் வாசற்படியும்

கீபோர்டில் 'எம்' என்ற எழுத்து எந்த வரிசையில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் எனக்கு உடனே சொல்லத் தெரியாது. விரலைக் காற்றில் ஒரு தட்டு தட்டிப் பார்த்துவிட்டுத்தான் "கீழ் வரிசை" என்பேன். இத்தனைக்கும் 34 வருடம் அந்த எழுத்தைத் தட்டித்தான் சோறு தின்றேன். பதினெட்டு வயதில் எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பழைய ரெமிங்டன் முன்னால் உட்கார்ந்து 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' அடிக்கத் தொடங்கியபோது ஒவ்வொரு எழுத்துக்கும் யோசிக்க வேண்டியிருந்தது. ஹையர் பாஸான சமயத்தில் யோசனை போய்விட்டது. கண் காகிதத்தில், காது பக்கத்து மேசைப் பேச்சில், விரல் தன்பாட்டுக்கு வேலையில்! எழுத்துகள் இருக்கும் இடம் நினைவிலிருந்து நழுவி உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

அந்த 'எங்கேயோ'வுக்கு ஒரு பெயர் உண்டு என்பது பென்ஷன் வாங்க ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஸ்ட்ரையேட்டம். மூளையின் ஆழத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் பகுதி. வெட்டிப் பார்த்தால் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளை நரம்பிழைகள் வரிவரியாக ஓடுமாம். அதனால் அந்தப் பெயர். 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் மூளையைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே இது வந்துவிட்டது. திரும்பத் திரும்பச் செய்த காரியங்களைப் பழக்கமாக்கி வைப்பதிலும், வேண்டிய நேரத்தில் அவற்றைத் தொடங்கி வைப்பதிலும் இதற்குப் பெரிய பங்கு. சிறுமூளைக்கும் பங்கு உண்டு என்றாலும், 'இப்போது இதைச் செய், அதை விடு' என்கிற பொறுக்கல் வேலை பெரிதும் இங்கேதான்.

இதையெல்லாம் நான் படிக்கக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் தபால்காரர். மூன்று ஊர், நடுவில் ஒரு காட்டாறு, கண்மாய்க்கரை மேல் பாதை. 30 வருடத்துக்கு மேல் சைக்கிளிலேயே சுற்றியவர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி, மறு கையால் கடிதங்களைப் புரட்டிக்கொண்டே போவார். ரிட்டயர் ஆன பிறகும் காய்கறிக்கு, ரேஷனுக்கு, கோயிலுக்கு எல்லாம் சைக்கிள்தான்.

முதலில் மாறியது அவர் கையெழுத்து. பணம் எடுக்கும் சீட்டில் போட்ட கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வாங்கிப் பார்த்தேன். முதல் இரண்டு எழுத்து பழையபடி இருந்தது. அப்புறம் எறும்பு வரிசைபோலச் சிறுத்துக்கொண்டே போயிருந்தது. அடுத்து, நடக்கும்போது இடது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் சிரிப்பு குறைந்தது. கோபமாக இருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். கை நடுக்கம் இதற்கெல்லாம் பிறகுதான் வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் வாசற்படிப் பிரச்சினை. கூடத்தில் நன்றாக நடந்து வருவார். சமையலறை நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடும். உடம்பு முன்னால் சாயும், கால் வராது. பின்னால் தட்டோடு நிற்கும் அண்ணிக்குப் பொறுமை போய்விடும். "காலை எடுத்து வைங்கன்னு எத்தனை தடவ சொல்றது? கூடத்துல நடந்த கால்தானே இது?"

ஒருநாள் பேத்தி திண்ணை விளிம்பில் தடுமாறி விழப்போனாள். நாற்காலியில் இருந்த அண்ணன் எழுந்து, நாலு எட்டில் வாசலைத் தாண்டிப் போய்ப் பிள்ளையைப் பிடித்துவிட்டார்! வீட்டில் எல்லோரும் பார்த்தார்கள். பிள்ளை தப்பியது. அண்ணன் தப்பவில்லை. "அப்ப முடியுதுல்ல? வேணும்னேதான் பண்றாரு" என்று வீடு தீர்ப்பு எழுதிவிட்டது. மகன்கூட போனில் என்னிடம் அப்படித்தான் சொன்னான். அதிலிருந்து அண்ணன் சாப்பாட்டைத் தன் அறைக்கே கொண்டுவரச் சொல்லிவிட்டார். சமையலறைப் பக்கம் வருவதை விட்டார். பேச்சையும் குறைத்துக்கொண்டார்.

நான் போயிருந்தபோது மெதுவாகச் சொன்னார்: "தம்பி, எங்க போகணும்னு தெரியுது. எப்படிப் போகணும்னும் தெரியுது. கால்தான் கேக்க மாட்டேங்குது. இத எப்படிப்பா நிரூபிக்கிறது?"

மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அண்ணியும் வந்தார். பார்க்கின்சன் என்றார் டாக்டர். லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817-ல் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதிய சிறு நூலில் விவரித்த நோய். அந்த ஆறு பேரில் சிலர் அவர் தெருவில் பார்த்தவர்கள்தான் என்று பிறகு படித்தேன். நடையைப் பார்த்தே நோயைப் பிடித்த மனிதர்!

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன். நம் ஊர் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் அடித்தால் கிளம்பும். ஸ்ட்ரையேட்டத்திலும் அப்படி இரண்டு வழி உண்டு. ஒன்று 'போ' என்கிறது, மற்றது 'நில்' என்கிறது. நடுமூளையில் கருப்பாகத் தெரியும் ஒரு திட்டில் இருந்து டோபமைன் என்ற ரசாயனம் அங்கே வருகிறது. அது 'போ' விசிலைப் பலமாக்கி, 'நில்' விசிலை அடக்குகிறது. பார்க்கின்சன் நோயில் அந்தக் கருந்திட்டுச் செல்கள் அழிகின்றன. டிரைவர் இருக்கிறார், எஞ்சின் இருக்கிறது, பாதையும் தெரிகிறது. இரட்டை விசில்தான் கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. 1872-ல் ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் விவரித்தது. பரம்பரையாக வருவது. அதில் ஸ்ட்ரையேட்டத்தின் செல்களே அழிகின்றன. முதலில் பாதிக்கப்படுவது 'நில்' வழி. அதனால் கை கால்கள் கேட்காமலே ஆடிக்கொண்டிருக்கும். ஒரே இடம், ஒரு கோளாறில் உடம்பு உறைகிறது, இன்னொன்றில் ஓயாமல் ஆடுகிறது.

"அப்ப பேத்தி விழுந்தப்ப மட்டும் எப்படிப் போனாரு?" என்று அண்ணி கேட்டார். அவருக்கு அதுதான் கேள்வி. டாக்டர் சிரிக்கவில்லை. "அம்மா, அது இந்த நோயில ரொம்ப காலமாப் பார்த்து எழுதி வச்சிருக்கிற விஷயம். தீ விபத்துல எழுந்து ஓடினவங்க உண்டு. அவரா நினைச்சுக் கிளம்புறது ஒரு வழி, கண் முன்னால ஒண்ணு நடந்து அது இழுத்துட்டுப் போறது இன்னொரு வழி. முதல் வழிதான் கெட்டுப் போயிருக்கு. அவர் நடிக்கல" என்றார். அண்ணி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நிரூபணம் கிடைத்துவிட்டது.

பிறகு நான் தேடிப் படித்ததில் மனதில் தங்கியது ஒரு பரிசோதனை. 1996-ல் நோல்டன், மாங்கல்ஸ், ஸ்குவையர் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டது. கம்ப்யூட்டர் திரையில் சில சீட்டுகளைக் காட்டி, மழை வருமா வெயிலா என்று ஊகிக்கச் சொன்னார்கள். எந்தச் சீட்டும் நிச்சயமான விடை தராது. பலமுறை ஆடினால்தான் பிடிபடும். புதிய நினைவே தங்காத மறதி நோயாளிகள் முதல் ஐம்பது ஆட்டத்தில் மற்றவர்களைப் போலவே தேறினார்கள். ஆனால் ஆடிய விவரத்தைக் கேட்டால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பார்க்கின்சன் நோயாளிகள் நேர்மாறு. ஆடிய விவரமெல்லாம் நன்றாக நினைவிருந்தது. ஊகம் மட்டும் தேறவில்லை. ஆக, தெரிந்திருப்பது வேறு, பழகியிருப்பது வேறு. இரண்டுக்கும் மூளையில் வெவ்வேறு வீடு. அண்ணனுக்கு நடையைப் பற்றி எல்லாம் தெரியும். தெரிவதை வைத்து ஒவ்வொரு அடியையும் எண்ணி எண்ணித்தான் அவர் நடக்க வேண்டியிருந்தது. நமக்கெல்லாம் அந்த வேலையை யாரோ உள்ளே இருந்து இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

மருந்துக் கதையில் நம் நாட்டுக்கும் இடம் உண்டு. சர்ப்பகந்தி வேரின் பயனை 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் ஆங்கில இதய மருத்துவ இதழில் எழுதிய பிறகு, உலகம் முழுக்க ரத்த அழுத்தத்துக்கு அது பிரபலமானது. அதிலிருந்து எடுத்த ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்துத்தான் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களை அசையாமல் உறையச் செய்தார். பிறகு எல்-டோபா கொடுத்ததும் அவை எழுந்துவிட்டன. இது 1957-ல். அதே எல்-டோபாவை அதற்கு இருபது வருடம் முன்பே, 1937-ல், சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பூனைக்காலி விதையில் இருந்து பிரித்தெடுத்திருந்தார்கள். 1960-ல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், இந்த நோயால் இறந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் வற்றியிருந்ததைக் கண்டார்கள். கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு வந்தது. அண்ணன் தினமும் போடும் லெவோடோபா மாத்திரை இந்த வழியாக வந்ததுதான். (பூனைக்காலிப் பொடியை வாங்கி நாமே தின்னலாமா என்று கேட்காதீர்கள். அளவு பிடிபடாது. டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது.)

மாத்திரை பாதி வேலை செய்தது. மீதியைச் செய்தது இன்சுலேஷன் டேப். டாக்டர் சொன்னபடி கூடத்தில் இருந்து சமையலறை வரை, ஒரு எட்டு இடைவெளியில் மஞ்சள் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டினோம். நிலைப்படிக்கு முன்னால் ஒன்று, தாண்டி ஒன்று. 'நட' என்றால் வராத கால், 'அந்தக் கோட்டைத் தாண்டு' என்றால் வந்தது! கண்ணுக்கு முன்னால் ஒரு இலக்கு இருந்தால் வேறு வழி திறக்கும் என்றார் டாக்டர். தாளமும் உதவும். அண்ணி இப்போது திட்டுவதில்லை. "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணுகிறார்.

சைக்கிளைப் பற்றியும் சொல்லவேண்டும். 2010-ல் நெதர்லாந்து மருத்துவர்கள் 58 வயது நோயாளி ஒருவரைப் பற்றி எழுதினார்கள். சில அடி நடப்பதற்குள் உறைந்துபோகிறவர், சைக்கிளில் ஏற்றிவிட்டால் தடங்கலின்றி ஓட்டினார். இறங்கியதும் மறுபடி உறைந்தார். மிதி சுழலும்போது அதுவே அடுத்த மிதிக்கு அழைப்பு. இதை அண்ணனிடம் சொன்னபோது முகம் மாறாத அந்த முகத்திலும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. "எனக்குத் தெரியும்டா" என்றார். ரோட்டில் விடுவதற்கில்லை. ஏறி இறங்குவதில்தான் ஆபத்து. திண்ணையில் ஒரு நிற்கும் சைக்கிள் வாங்கிப் போட்டிருக்கிறோம். காலையில் இருபது நிமிடம் மிதிக்கிறார். ஒவ்வொரு ஊராகப் பேர் சொல்லிக்கொண்டே போவார். கண்மாய்க்கரை வந்தால் வேகம் குறைப்பார்.

வீட்டில் இந்த நோய் உள்ளவர்களுக்கு நான் கற்றுக்கொண்ட மூன்று விஷயம். மாத்திரை நேரம் தவறக்கூடாது; பலருக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டால்தான் நன்றாகப் பிடிக்கிறது, பருப்பும் பாலும் முட்டையும் அதோடு போட்டி போடும். வாந்திக்கு ஊசி போடப் போனால் பார்க்கின்சன் இருப்பதை முதலில் சொல்லுங்கள்; மெட்டோகுளோப்ரமைடு போன்ற மருந்துகள் டோபமைனைத் தடுத்து நோயைக் கூட்டும். மூன்றாவது, பிரமிபெக்சோல் போன்ற மாத்திரை சேர்த்தால் பணத்தின் மேல் ஒரு கண் வையுங்கள். ஸ்ட்ரையேட்டத்தின் ஒரு பகுதி ஆசையையும் பரிசையும் கவனிப்பது. அந்த மாத்திரையால் சிலருக்குச் சூதாட்டமோ கண்மண் தெரியாத செலவோ வந்துவிடுவதுண்டு. அதுவும் குணக்கேடு அல்ல. டாக்டரிடம் சொன்னால் மாற்றிக் கொடுப்பார்.

நோய் நிற்கவில்லை, மெதுவாக நகர்கிறது. மதியத்துக்கு மேல் குரல் இறங்கிவிடுகிறது. டேப் இரண்டு தடவை தேய்ந்து மாற்றியாயிற்று. போன வாரம் போனபோது அண்ணன் சமையலறையில் உட்கார்ந்து, அண்ணிக்குப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒரு பட்டாணிக்கு ஒரு நிமிடம். அண்ணி அவசரப்படுத்தவில்லை.