தகட்டில் ஏறிய குரல்

டிவிடித் தகட்டின் காலம் கழிந்தது என்பார் உளர். ஆயினும் திருநெல்வேலிச் சிற்றூரில் வாழும் என் தாயாருக்குக் கைப்பேசியின் சிறுதிரை புலப்படுவதில்லை. பழைய டிவிடி கருவியே துணை. பொங்கல் விழாவில் என் மகள் குறள் ஒப்பித்த காட்சியை, இரயில்வே அலுவல் முடிந்த ஓரிரவில் தரவிறக்கித் தகட்டில் ஏற்றி அனுப்பினேன்.

அன்பர்களே, எம்பி4 கோப்பை அப்படியே பதித்தால் பழங்கருவிகள் பல ஏற்பதில்லை. எம்பெக்-2 வடிவுக்கு மாற்றுதல் வேண்டும். நம் நாட்டு பிஏஎல் முறையில் படத்தின் அளவு 720க்கு 576 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். டிவிடிஸ்டைலர் என்னும் இலவச மென்பொருள் மாற்றத்தையும் பதிவையும் செய்து தரும். 4.7 ஜிபி தகட்டில் இரண்டு மணிக் காட்சி நன்கு அடங்கும்.

"நாகபுரியில் வளர்ந்தும் ழகரம் பிசகவில்லையே!" என்று அம்மா தொலைபேசியில் மகிழ்ந்தார்கள். ஊரில் முதியோர் உள்ள அன்பர்கள் தம் மக்களின் குரலையும் இவ்வாறே அனுப்புவார்களாக.