புழுவிடம் பாடம் கற்ற ஓவியர்

ஓர் ஓவியர் எங்கே உருவாகிறார்? சித்திர வகுப்பிலா, வளர்ந்த வீட்டிலா, நின்று பார்த்த மரஞ்செடிகளுக்கு நடுவிலா? மரியா சிபில்லா மேரியன் என்ற பெண்மணியின் வாழ்க்கையைப் படித்தபோது, இம்மூன்றும் சேர்ந்தே அவரை உருவாக்கின என்று எனக்குத் தோன்றியது.

அவர் 1647ஆம் ஆண்டு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தார். தந்தை செப்புத்தகட்டில் படம் செதுக்கி அச்சிடுபவர். மகளுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அவர் காலமானார். தாய் மறுமணம் செய்த யாக்கோப் மாரல் பூக்களை வரைவதில் வல்லவர். தூரிகை பிடிக்க அவரே சிறுமிக்குக் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் அச்சிறுமியின் கண் பூவோடு நிற்கவில்லை. இலையைத் தின்னும் புழுவிடம் போனது. 13 வயதில் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். புழுக்கள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகத் தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. அவரோ முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி என ஒவ்வொரு பருவத்தையும் காத்திருந்து பார்த்து வரைந்தார். 1679இல் வெளியான அவரது நூலில், பூச்சிகள் தாம் உண்ணும் செடிகளோடு சேர்த்தே வரையப்பட்டுள்ளன. உணவும் உறைவிடமும் இல்லாமல் எந்த உயிரும் இல்லை என்பதை அந்தப் படங்களே சொல்லிவிடுகின்றன.

இதைப் படித்தபோது எங்கள் வளவிலுள்ள கறிவேப்பிலை மரம் நினைவுக்கு வந்தது. அதில் பறவை எச்சத்தைப் போன்ற புழுக்கள் இருக்கும். வளர வளரப் பச்சையாகிவிடும். கறிக்கு இலை எடுக்கப் போனால், "அந்தக் கொப்ப ஒடிக்காதீங்க மகள், புழு இருக்கு" என்பார் உம்மா. ஒரு புழுவை ஜாம் போத்தலில் வைத்து, வண்ணத்துப்பூச்சியாகப் பறக்கும் வரை நாள்தோறும் வரைந்தேன். இன்று நான் உயர்தரத்தில் உயிரியல் படிப்பதற்கு அந்தப் போத்தலும் ஒரு காரணம். ஆனால் வீட்டுக்கு வரும் உறவினர்கள், "ஏ.எல். படிக்கிற புள்ள இன்னும் படம் கீறிட்டு இருக்கா?" என்று கேட்கிறார்கள். படம் வேறு, படிப்பு வேறு என்பது அவர்கள் எண்ணம்.

மேரியனும் இத்தகைய பேச்சைக் கேட்டவர்தான். 1699இல், தம் 52ஆவது வயதில், ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, இளைய மகளோடு தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார். அன்று எமது கரையோரங்களைப் போலவே அதுவும் ஒல்லாந்தர் வசம் இருந்தது. கரும்பைத் தவிர வேறெதையோ தேடி அலைகிறாரே என்று அங்கிருந்த தோட்ட முதலாளிகள் அவரைக் கேலி செய்தார்கள். நோயுற்று 1701இல் திரும்பினாலும், 1705இல் 60 படங்களோடு சுரினாம் பூச்சிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். பிற்காலத்தில் உயிரினங்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் அந்தப் படங்களைப் பயன்படுத்தினார்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. காட்டில் பாதை வெட்டியவர்களும் செடிகளின் பயனைச் சொல்லித் தந்தவர்களும் அடிமைப்படுத்தப்பட்ட மக்களும் அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளுமே. அவர்களிடம் கேட்டறிந்ததை மேரியன் தம் நூலில் எழுதியிருக்கிறார். அவர்களின் பெயர்கள்தாம் எமக்குக் கிடைக்கவில்லை. ஓர் ஓவியத்தைப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் நின்ற கைகளையும் நினைக்க வேண்டும்.

பல்கலைக்கழகக் கதவுகள் பெண்களுக்குத் திறவாத காலத்தில், தூரிகையையே ஆய்வுக் கருவியாக்கியவர் மேரியன். அவர் படத்துக்காகப் படிப்பையோ, படிப்புக்காகப் படத்தையோ விடவில்லை. உற்றுப் பார்ப்பது என்ற ஒரே வேலைதான் அவருக்கு இரண்டுமாக இருந்தது.

இந்தத் தவணை முதல் நானும் உயிரியல் குறிப்புகளையும் சித்திரங்களையும் ஒரே கொப்பியில் எழுதி வருகிறேன். யாராவது கேட்டால் அந்தக் கொப்பியையே விரித்துக் காட்டுவேன்.