சோப்பும் வருகைப் பதிவேடும்

அக்டோபர் 13, திங்கள்

சளிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் முடக்கும் இந்நோய்கள் கை வழியாகவும் பரவுகின்றன. பென்சில், பெஞ்சு, குழாய்த் திருகு என ஒருவர் தொட்டதை அடுத்தவர் தொடுகிறார். அதே கை கண்ணுக்கும் மூக்குக்கும் வாய்க்கும் போகிறது. வெறும் தண்ணீரில் நனைத்தால் பிசுக்கும் அதில் ஒட்டிய கிருமிகளும் முழுதாகப் போவதில்லை. சோப்பு போட்டு 20 நொடி தேய்த்தால் பிசுக்கு கரைந்து, கிருமிகள் தோலை விட்டுப் பெயர்ந்து நீரோடு போகின்றன.

அக்டோபர் 14, செவ்வாய்

2008இல் எகிப்தின் கெய்ரோ நகரில் 60 தொடக்கப் பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் பிள்ளைகள் பள்ளி நேரத்தில் இரண்டு முறை கை கழுவினர். மற்றப் பள்ளிகளோடு ஒப்பிட்டபோது அங்கே சளிக்காய்ச்சலால் வராமல் போவது 40 விழுக்காடும், வயிற்றுப்போக்கால் வராமல் போவது 30 விழுக்காடும், கண்வலியால் வராமல் போவது 67 விழுக்காடும் குறைந்திருந்தன.

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் 87 பள்ளிகளில் நடந்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. பாடம் நடத்திச் சோப்பை ஒருமுறை மட்டும் கொடுத்த பள்ளிகளில் வருகை உறுதியாக உயர்ந்ததாகச் சொல்ல முடியவில்லை. தொடர்ந்து சோப்பு வழங்கி, மாணவர்களிலேயே சிலரை நினைவூட்டுவோராக நியமித்த பள்ளிகளில், பிள்ளைகள் வராத நாட்கள் 54 விழுக்காடு குறைந்தன.

அக்டோபர் 15, புதன்

2008 முதல் இந்நாள் உலகக் கை கழுவும் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உறுதிமொழியும் ஊர்வலமும் ஒரு நாளோடு முடிந்துவிடும். பிள்ளைகளுக்குத் தேவை தினசரிப் பழக்கம். சோப்பு போட்டுக் கழுவுவதற்குச் சானிடைசர் மட்டும் ஈடாகாது. நியூசிலாந்தில் வகுப்பறைகளில் கூடுதலாக அதை வைத்துப் பார்த்தபோது, நோயால் வராமல் போவது குறையவில்லை. வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் நோரோவைரஸை ஆல்கஹால் எளிதில் அழிப்பதுமில்லை.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில் குழாய் வேண்டும். சோப்பை வலைப்பையில் போட்டுக் குழாயருகே கட்டித் தொங்கவிட்டால் மண்ணில் விழாது. மதிய உணவு மணிக்கு முன் கை கழுவ 10 நிமிடம் ஒதுக்க வேண்டும். கழிப்பறை சென்று வந்ததும் கழுவுவது கட்டாயம். சோப்பு தீரும் முன்பே அடுத்ததை வாங்கி வைப்பதும் பள்ளியின் அன்றாடப் பொறுப்பு. அது தவறும் நாளில், கற்ற பாடம் நினைவிருந்தும் பிள்ளை வெறும் தண்ணீரில்தான் கை நனைக்கும்.